ஒச்சாண்டியின் கோடு

திராட்சையைக் கழுவித் தின்னுங்கள், இன்ஸ்பெக்டர். சின்னமனூர்ப் பக்கம் மருந்தை அள்ளி அடிப்பார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிச் சொல்லியே நம் ஆண்களைக் கெடுத்து வைத்திருக்கிறோம். அதைப் பொய்யாக்கத்தான் என் ஆய்வு. தேனியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மனைவியை அடிக்கும் ஆண்களில் ஒரு பிரிவுக்கு மாதந்தோறும் புத்திமதி சொல்ல ஏற்பாடு செய்தேன். இன்னொரு பிரிவை அப்படியே விட்டேன். புத்திமதி கேட்டவர்கள் வீட்டுக்குச் சித்திரையில், கேட்காதவர்கள் வீட்டுக்கு ஆடியில், வருடம் ஒருமுறை போவேன். ஆள் மாறக் கூடாது, கேள்வி மாறக் கூடாது. அப்போதுதான் அடி கூடியதா குறைந்ததா என்று கோடு போட முடியும்.

கோடுகளில், புத்திமதி கேட்ட பிரிவில் இருந்த ஒச்சாண்டியுடையதுதான் அழகு. 2003இல் உச்சியில் இருந்தவர், சில வருடங்களில் தரைக்கு வந்துவிட்டார். மதுரைக் கருத்தரங்கில் அதைத்தான் திரையில் காட்டினேன். பெற்ற பிள்ளையிடம்கூட எனக்கு அத்தனை பிரியம் இருந்ததில்லை.

2007இல் தேர்வு வேலை. வீரபாண்டி அம்மன் கோவில் சித்திரைத் திருவிழா முடிந்த பிறகுதான் போக முடிந்தது. அவர் மனைவி மொக்கம்மாள் கதவைத் திறந்தாள். ஒரு கை முறிந்து தொங்கியது, ஒரு கண் திறக்கவில்லை. புத்திமதியெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா அவுக கை நீட்ட மாட்டாக சார். நீங்க வருசா வருசம் அந்த நேரத்துலதான வாரீக."

அடுத்த முறை தன்னைக் கொன்றே போடுவார் என்றும் சொன்னாள்.

நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் கோடு ஏறிவிடும். ஆய்வின் நடுவே ஒருவர் இறந்தால் கதை வேறு. அவரை விலகியவர் என்று கொள்வோம், கோடு கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நின்றுவிடும். நான் கண்டுபிடித்த முறையல்ல இது, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒச்சாண்டி திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்துப் பிடரியில் போட்டேன். விழுந்தவர் திரும்பிப் பார்த்தார். நான்தான் என்று தெரிந்ததும், "வாங்க சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். அடுத்த அடி நெற்றியில். மண்டை பிளந்த பிறகும் கால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன. அவை அடங்கும்வரை வெட்டினேன். மூக்குக் கண்ணாடியில் தெறித்ததை வாய்க்காலில் கழுவிக்கொண்டேன்.

மொக்கம்மாள் உயிரோடு இருக்கிறாள். அவளுக்காகத்தான் செய்தேன். மண்வெட்டியை ஓங்கியபோது அவள் முகத்தைத் தவிர என் மனதில் வேறெதுவும் இல்லை. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன ஆடியில் சங்கிலியின் மனைவி பாண்டீஸ்வரியும் என்னிடம் இதையேதான் சொன்னாள், மறுவாரமே சங்கிலி அவளை வெட்டிப் போட்டார். அவளுக்கு ஏன் எதுவும் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள்.

சங்கிலி புத்திமதி கேட்காத பிரிவு, ஐயா. அவர் கோடு இறங்கக் கூடாது.