வரிசையைக் குறைக்க நினைத்த ஸ்டோர் அக்கா

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, நகைக்கடை முதலாளி அவர்களே, தன் துணைவியான ஸ்டோர் அக்காவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தையல்கார அண்ணன் அவர்களே, அவர் மகளே, மருமகனே, நம் உணவு வங்கியின் தொண்டர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஸ்டோர் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. எனக்கு முன் பேசியவர்கள் கண்ணீரோடு பேசினார்கள். நானும் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இன்று நன்றி சொல்லவே நான் எழுந்து நிற்கிறேன். நன்றி சொல்லும் முன் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உணவு வங்கியின் செயலாளர் என்ற முறையில் அல்ல, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில்.

யார் இந்த ஸ்டோர் அக்கா? சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பர். எந்த நட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தனக்கு வந்த தொகையை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக வீட்டில் இருந்திருக்கலாம். இருந்தாரா? உடன் வேலை பார்த்தவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்ததும், புதன்கிழமைதோறும் அரிசி பருப்பு சேர்த்துக் கொடுக்க நூலகத்தின் பின்னறையைக் கேட்டு நூலகர் அம்மாவிடம் வந்து நின்றார். பழைய நாளிதழ்க் கட்டுகளும் கால் உடைந்த மேசைகளும் கிடந்த அறை அது.

"ஆறே மாசம் கொடுங்கம்மா. இவங்களுக்கெல்லாம் வேலை கிடைச்சதும் ரூமை உங்ககிட்டயே ஒப்படைச்சிடுறேன்" என்றாராம்.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நூலகர் அம்மா அந்த அறைக்காக இன்னும் காத்திருக்கிறார்!

வேலை கிடைக்கவில்லையா? கிடைத்தது! புதிய கிடங்குகள் வந்தன, வணிக வளாகங்கள் எழுந்தன. நாளிதழைப் பிரித்தால் வளர்ச்சி. தொலைக்காட்சியைப் போட்டால் வளர்ச்சி. ஆனால் நம் பின்னறைக்கு முன்னால் என்ன நடந்தது? முப்பத்தெட்டுக் குடும்பங்கள் தொண்ணூறாயின. தொண்ணூறு இருநூறாயிற்று. நாட்டின் பொருளாதாரம் இதுவரை இல்லாத உச்சத்தில் இருப்பதாகத் தலைப்புச் செய்தி வந்த வாரத்தில் நம் வரிசையில் நின்றவை முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள்!

அப்போதுதான் நான் என் அறிவைக் காட்டினேன். செயற்குழுவில் எழுந்து, "நாடே நல்லா இருக்கு. வேலை இல்லாதவங்க குறைஞ்சிட்டாங்கன்னு சொல்றாங்க. இங்க மட்டும் எப்படிக் கூட்டம் ஏறுது? யாரோ நம்மள ஏமாத்துறாங்க. இனி வர்றவங்ககிட்ட சம்பளச் சான்றிதழ் கேட்போம்" என்றேன். தீர்மானத்தை எழுதியே கொண்டுபோயிருந்தேன். மூன்று பேர் தலையாட்டினார்கள்.

அக்கா கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "சார், நீங்க பேப்பர்ல பார்த்திருக்கீங்க. ஒரே ஒரு புதன்கிழமை கவுண்டர்ல நின்னு பாருங்க. அப்பவும் சான்றிதழ் வேணும்னு தோணிச்சுன்னா, நானே வாங்கித் தர்றேன்" என்றார்.

நின்றேன். வந்தவர்கள் யார்? கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பாதுகாவலர். முதியோர் காப்பகத்தில் இரவுப் பணி முடித்துச் சீருடையோடு வந்த பெண். பள்ளி வேனை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு, அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்ற ஓட்டுநர். நான் ஒருவரிடம் விசாரணை அதிகாரியைப் போலக் கேட்டேன்: "வேலை இருக்கா?"

"ரெண்டு வேலை இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு இங்க?"

"வாடகை ஏறுற வேகத்துக்குச் சம்பளம் ஏறலையே சார். வீட்டு ஓனருக்கும் பஸ்சுக்கும் போக மிச்சம் இருந்தாத்தானே வயித்துக்கு?"

அடுத்து வந்தவரை எனக்கு நன்றாகவே தெரியும். என் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் தினமும் என் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்த அம்மா. எனக்குச் சர்க்கரை அரைக் கரண்டி என்று கேட்காமலே தெரிந்துவைத்திருந்தவர். இன்னமும் அதே அலுவலகத்தில்தான் வேலை.

நான் என்ன செய்தேன்? எண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்! ஆமாம், கிளை மேலாளர் ஒளிந்துகொண்டார்!

அக்கா பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒளியாதீங்க சார். நீங்க ஒளிஞ்சா, அவங்க ஏதோ தப்பு பண்ணின மாதிரி ஆயிடும். வாங்க, அரிசி வேணுமா மாவு வேணுமான்னு கேளுங்க."

வந்தேன், கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அரிசி கொடுங்க சார்" என்றார். பையை வாங்கிக்கொண்டவர், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா சார்? முகம் வாடியிருக்கே" என்றார்.

ஒன்பது ஆண்டுகள்! எத்தனை ஆயிரம் கோப்பை தேநீர்! "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று நான் ஒரு முறை, ஒரே ஒரு முறை கேட்டிருப்பேனா? என் தீர்மானத்தை நானே கிழித்தேன். அக்கா வெற்றிப் புன்னகை பூக்கவில்லை. "கிழிச்ச பேப்பரை அந்தச் சாக்குல போடுங்க சார், பழைய பேப்பர்காரர் வருவாரு" என்றார். அவ்வளவுதான்!

நகைக்கடை முதலாளி அவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தப் பை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். (சிரிக்கிறார், அனுமதி கிடைத்துவிட்டது!) அவர் பெரிய மனதோடு ஆயிரம் துணிப்பைகள் கொடுத்தார். ஒரு பக்கம் கடையின் பெயர், மறு பக்கம் கொட்டை எழுத்தில் 'ஏழைகளுக்கு இலவசம்'. அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றே தையல்கார அண்ணனின் இயந்திரத்துக்கு வேலை வந்தது. ஆயிரம் பைகளும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கப்பட்டன. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, என் கடைப் பேரை நானே தேட வேண்டியிருக்கே!" என்றார். "பேரு உள்ளதான் இருக்கு சார். பையைத் திறந்து அரிசியை எடுக்கறவங்க தினமும் பார்ப்பாங்க. தெருவுல போறவங்க எதுக்குப் பார்க்கணும்?" என்றார் அக்கா. முதலாளி அடுத்த ஆண்டு ஈராயிரம் பைகள் அனுப்பினார். ஓர் எழுத்துகூட இல்லாமல்!

எல்லா நாளும் சிரிப்பாக முடியவில்லை, நண்பர்களே. நமக்கு மிஞ்சிய பொருள்களை அனுப்பிவந்த பேரங்காடி, எதுவுமே மிஞ்சாதபடி சரக்கு எடுக்கக் கற்றுக்கொண்டது. அப்படி ஒரு புதன்கிழமை உள்ளே இருந்தது நூற்று நாற்பது பை. வெளியே முந்நூறு பேர். "டோக்கன் கொடுத்துட்டு ஷட்டரை இறக்கிடலாம்" என்றேன் நான்.

"ஷட்டரை இறக்கிட்டு உள்ள உட்கார எனக்குத் தெரியாது சார்" என்று வெளியே போனார் அக்கா. ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். "இன்னைக்கு நூத்தி நாப்பது பேருக்குத்தான் இருக்கு. நீங்க முந்நூறு பேர் இருக்கீங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

ஒருவர் கத்தினார்: "விடியறதுக்கு முன்னாடி வந்து நின்னது வெறுங்கையோட போறதுக்கா?"

"உங்க கோபம் நியாயம்தாங்க. உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் சத்தமா கத்தியிருப்பேன்."

பிறகு மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஒரு பெண், "எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிக்க இருக்கு. என் பங்கை அவருக்குக் கொடுங்க அக்கா" என்று வரிசையை விட்டு விலகினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்படி இருபது பேர் விலகினார்கள். மீதி எல்லோருக்கும் பையைப் பிரித்துப் பாதிப் பாதியாகக் கட்டினோம். பிரித்துக் கட்ட முதலில் உள்ளே வந்தவர் யார் தெரியுமா? கத்தினாரே, அவர்தான்! இன்று நம் வேனை ஓட்டுகிறவரும் அவர்தான். அதோ, கதவருகில் தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள்.

எல்லோரும் போன பிறகு காலி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா அழுதார். "சார், நாம மருந்து கொடுக்கல. ஒத்தடம்தான் கொடுத்துக்கிட்டு இருக்கோம். வேலை பார்க்கறவங்க இங்க வந்து நிக்கிறாங்கன்னா, அவங்க வேலை பார்க்கற இடத்துல போய்தான் கேட்கணும்" என்றார்.

முதலில் எங்கே போனோம்? என் பழைய அலுவலகத்துக்கு! போகும் வழியில், பேருந்திலேயே, அவரிடம் உண்மையைச் சொன்னேன். துப்புரவுக்கும் தேநீருக்கும் இருந்த பதினொரு பேரை நிரந்தர வேலையிலிருந்து எடுத்து ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த உத்தரவோடு அவர்கள் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனக்கோ அந்த ஆண்டு பாராட்டுக் கடிதம் வந்தது.

அக்கா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அந்தக் கையெழுத்தைப் போட்ட கை இன்னும் இருக்குல்ல சார்? இன்னொரு கடிதம் எழுதட்டும்" என்றார்.

எழுதினேன். ஒன்றல்ல, ஒன்பது கடிதங்கள். ஏழு மாதம் நடந்தோம். காத்திருப்போர் நாற்காலியில் அக்காவைப் பார்த்தாலே வரவேற்பறைப் பெண் எழுந்து உள்ளே ஓடும் அளவுக்கு நடந்தோம்! பதினொரு பேரும் மீண்டும் நேரடி வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அதற்கடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, பெயர்ப் பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கூவினார்: "சார்! உங்க டீ அம்மா மூணு வாரமா வரல! ஒருத்தங்க குறைஞ்சுட்டாங்க!" அன்று எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வாடிக்கையாளர் குறைந்ததற்கு மிட்டாய் கொடுத்தவரை நீங்கள் வேறு எங்காவது கண்டதுண்டா?

கடைசி நாள்களைப் பற்றித் தையல்கார அண்ணன் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். மருத்துவமனையில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலும், தட்டைக் கொண்டுவந்து வைத்த பெண்ணிடம், "உனக்குச் சாப்பாடு இங்கயே தர்றாங்களாம்மா? சம்பளம் கையில எவ்வளவு வருது?" என்று கேட்டாராம். அண்ணன், "இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாராம். அதற்கு அக்கா சிரித்தாராம். அந்தச் சிரிப்போடுதான் அவர் நம்மிடம் விடைபெற்றார்.

அக்கா! பசியோடு வந்தவர்களைத் தலைகுனிய விடாததற்கு நன்றி. குனிய வேண்டிய என் தலையைக் குனிய வைத்ததற்கும், பிறகு நிமிர வைத்ததற்கும் நன்றி. தையல்கார அண்ணனே, எட்டு ஆண்டுகள் புதன்கிழமைதோறும் உங்கள் துணைவியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்களே, உங்களுக்கும் நன்றி!

நன்றி சொல்லிவிட்டுக் கலைந்துபோனால் போதுமா? போதாது. நேற்று அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. வரிசையில் நிற்பவர்கள் வேலை பார்க்கும் பதினான்கு நிறுவனங்களின் பெயர்கள், அக்காவின் கையெழுத்தில். ஐந்து பெயர்களுக்கு எதிரே 'போயாச்சு' என்று எழுதியிருக்கிறார். ஒன்பது மீதி. நான் செயலாளராக இருக்கும்வரை எவரிடமும் எந்தச் சான்றிதழும் கேட்கப்படாது. இது முதல் உறுதி. அந்த ஒன்பது வாசல்களிலும் நம் கால் படும், இது இரண்டாவது.

ஆறாவது பெயர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் முதியோர் காப்பகம். நாளைக் காலை பத்து மணிக்கு அதன் வாசலில் நான் நிற்பேன். நான் மட்டும் போனால் உட்காரச் சொல்வார்கள். முப்பது பேராகப் போனால் பேசச் சொல்வார்கள். யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

போதும், போதும், அந்த வாசல் தாங்காது! கையை இறக்குங்கள். வணக்கம் அக்கா, நாங்கள் கிளம்பிவிட்டோம்.