அறுபது டிகிரிக்கு மேல்

நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் எனக்கு ஆகாது. அதனால்தான் நீங்கள் கேட்ட விளக்கத்தை முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு, இப்போது பேனாவில் எழுதுகிறேன். விசாரணைக் குழுவினர் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இருபத்தாறு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். செய்முறைத் தேர்வில் என் பிள்ளைகள் ஒருவர்கூடத் தவறியதில்லை. எங்கள் பள்ளித் தெர்மாமீட்டரில் தண்ணீர் தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும். அதற்காக அதையே எழுத விட முடியுமா? நூறு என்று எழுதச் சொல்வேன். கருவி தப்பு செய்யும், பாடப்புத்தகம் செய்யாது.

கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு உங்கள் நிறுவனம் ஆறு வார ஆய்வகப் பயிற்சி தருவதாக அறிவிப்பு வந்தபோது, என் மனைவிதான் விண்ணப்பம் போடச் சொன்னாள். வீட்டில் இருந்தால் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டி அவள் உயிரை வாங்குவேனாம். வந்தேன். ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு உதவியாகப் போட்டீர்கள். என் மகள் வயசுதான் இருக்கும். வெந்நீர் ஊற்றுச் சேற்றில் கிடைத்த ஒரு கிருமியிலிருந்து நொதி ஒன்றைப் பிரித்தெடுத்து, நாலு வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுதவள். ஊற்றை மூடிவிட்டார்கள். வளர்த்த கிருமியும் ஆய்வகக் குளிர்பெட்டி பழுதான வாரத்தில் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு குப்பி. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து அவள் சூடாக்கித் தருவாள்; நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று கருவியில் அளந்து நான் எழுத வேண்டும்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார், நோட்டு உங்க பொறுப்பு. இது சூட்டுல சாகாது, அதுதான் விஷயமே” என்றாள். ஆசைப்படுகிற வயசு. நான் மறுத்துப் பேசவில்லை.

முதல் நாளே சிக்கல். நாற்பது டிகிரிவரை அளவு ஏறியது, அது முறை. அறுபதில் விழ வேண்டும். சூட்டில் நொதி கெட்டுப்போகும் என்று நானே எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். இதுவோ எண்பதிலும் ஏறிக்கொண்டே போனது. பாவம், ஓட்டைக் கருவியை வைத்துக்கொண்டு நாலு வருஷமாக மாரடித்திருக்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னால் மனசு உடைந்துபோவாள். சொல்லாமலே அவள் நோட்டில் அறுபதுக்கு மேல் எல்லாவற்றையும் இறக்கி எழுதினேன். கருவி காட்டியதை என் ரஃப் நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

மூன்றாம் வாரத்தில் அவள் மதியச் சாப்பாட்டை நிறுத்தினாள். ஐந்தாம் வாரத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கூப்பிட்டு வேறு தலைப்பு பார்க்கச் சொல்லிவிட்டார். அன்று என்னிடம் வந்து நின்றாள்.

“சார், நீங்க பார்த்த அளவெல்லாம் சரிதானா?”

“சரியா வர்ற வரைக்கும் நான் விட்டிருப்பேனாம்மா?”

அழுதாள். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கடைசி வாரத்தில் குப்பியும் காலியானது.

நிறைவு விழாவில் பேராசிரியர் என்னைத் ‘துல்லியத்தின் இலக்கணம்’ என்று புகழ்ந்து சான்றிதழ் தந்தார். அனுபவம் பேசச் சொன்னார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று, கருவியில் இருந்த கோளாறையும் நான் அதைச் சரிக்கட்டிய விதத்தையும் விளக்கினேன். அரங்கில் ஒரு சத்தமில்லை. இவ்வளவு கவனமான வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை. அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். கைதட்ட மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

இப்போது, கருவியில் கோளாறே இல்லை என்கிறீர்கள். அப்படியொரு நொதியை அதுவரை யாரும் கண்டதில்லை என்கிறீர்கள். என் ரஃப் நோட்டு ஒன்றுதான் மிஞ்சிய சாட்சி, அது வந்தால் அவளுடைய நாலு வருஷம் பிழைக்கும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு உதவும் என்றால் நான் மறுப்பேனா?

இத்துடன் இணைத்திருக்கிறேன். ரஃப் நோட்டில் ஒரே கிறுக்கல். பெரியவர்கள் பார்வைக்கு அப்படி அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புது நோட்டில் சுத்தமாக எடுத்து எழுதினேன். பழையதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. இதில் உள்ள அளவுகள் எல்லாம் சரியானவை. அறுபதுக்கு மேல் ஒன்றுகூட ஏறவில்லை.