அதிராத பெட்டி

பேட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் சின்ன ஆம்ப்ளிபயர் பெட்டி.

“வாங்கி நாலு நாளுதான ஆச்சு, ஏம்லே திருப்பிக் குடுக்கப் போற?”

“வீட்டுக்காரரு வேண்டாங்காரு.”

“அவருக்குத்தான் காதே கேக்காதேலே.”

“அந்தத் தைரியத்துலதான் மாடி ரூமை எடுத்தேன். பெரிய ஆம்ப்ளிபயர்ல பேஸ் கிட்டார் வாசிச்சா கீழ அவரு கட்டில் அதிருதாம். காலி பண்ணுன்னுட்டாரு. அதான் பைய வாசிக்க, மலிவா இந்தச் சின்னதை வாங்குனேன்.”

“இதுலயுமா அதிருது?”

“அதிரல. நேத்து மேல வந்து, பழசையே வையின்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பத்து வருசத்துல அவருக்கு எட்டுன ஒரே சத்தம் அதுதானாம்.”