தேயாத முதுகெலும்பு

காலை ஆறேகால். ஐப்பசி மழைமூட்டத்து இருட்டு. மூலக்குளத்திலிருந்து ரெட்டியார்பாளையம் வருகிற சாலையில் ஒரு நாய்கூட இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது. ஓட்டுகிறவன் நுஃமான், என் சிநேகிதன் யாகூப்பின் தங்கை மகன். அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுக்கிறவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எனக்கு அங்கேதான் பி.பி. மாத்திரை தருகிறார்கள்.

பேய்க்கு நடுநிசிதான் ராசி என்று யார் சொன்னது? இது ஓ.பி. சீட்டு கொடுக்கிற நேரத்தில் வந்த பேய். இருந்தாலும் கிட்ட நெருங்கி உட்காருங்கள், கெட்டுப்போகாது.

ஸ்கேன் அறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நோயாளி வருமுன் செங்கல் அளவு பிளாஸ்டிக் கட்டை ஒன்றை மேஜையில் வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்குள் பொய்யாக நாலு முதுகெலும்புத் துண்டுகள். மனிதனுக்கு எலும்பு தேயும், கட்டைக்குத் தேயாது. ஆகவே எலும்பின் கெட்டியைக் காட்டுகிற எண் தினமும் ஒன்றேதான் வரவேண்டும். ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. மாறினால் மெஷின் பொய் சொல்கிறது, அன்றைக்கு யாரையும் படுக்கவைக்கக் கூடாது.

அன்றைக்கு நுஃமான் கட்டையை வைத்தான். டொக். மெஷினின் கை மேலே நகர்ந்தது... ங்ங்ங்... ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.

அதிகம். தேய்ந்த எலும்பையும் கெட்டி என்று சொல்லிவிடும். வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து இன்ஜினியர் வர மூன்று நாளாகும். இவனோ ஒப்பந்த ஊழியன், நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த வாரம்தான் கையெழுத்துக்குப் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் திரையை மூடினான். முந்தின நாள் எண்ணையே ரிஜிஸ்டரில் எழுதினான். "டோக்கன் ஒண்ணு..." என்று கூப்பிட்டான்.

டோக்கன் பதினேழு முத்தம்மாள். வைத்திக்குப்பம். மீன்கூடை சுமக்கிறவள். கூடையை வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தாள், வாடை மட்டும் கூடவே வந்து படுத்துக்கொண்டது. அவளுக்கு நல்ல எலும்பு என்றது மெஷின்.

"அப்ப கூடை தூக்கலாமா தம்பி?"

டாக்டரைக் கேளுங்கள் என்றிருக்க வேண்டும்.

"தாராளமா தூக்குங்கம்மா. என் எலும்பவிட உங்களுது கெட்டி."

"கண்ணு வைக்காத. வாய வச்சிகினு சும்மா இரு," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நுஃமான் சத்தமில்லாமல் போன் போட்டு வரவழைத்த இன்ஜினியர் மூன்றாம் நாள் வந்து மெஷினைச் சரிசெய்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபதாம் நாள், எக்ஸ்ரே எடுக்கிற கலையரசி வந்து வாசலில் நின்றாள்.

"அந்த மீன்காரம்மா... கூடைய தலைக்கு ஏத்தும்போதே முதுகு விட்டுடுச்சி. மூணாவது எலும்பு நொறுங்கி மாவா கெடக்கு. நீ நார்மல்னு குடுத்தியே நுஃமான்?"

"மெஷின் குடுத்துச்சி."

படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, ஐந்தாம் நாள் முத்தம்மாள் போய்ச் சேர்ந்தாள். நுஃமானுக்கு என்ன தோன்றியது? ஒன்றும் தோன்றவில்லை. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். ஆவி பறந்தது. கை சுடவில்லை. தின்றான்.

மறுநாள் கட்டையின் எண் ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம். அடுத்த நாள் புள்ளி ஒன்பது ஏழு. அதற்கடுத்து ஒன்பது மூன்று... நோயாளிகளின் கணக்கெல்லாம் சரி. மெஷினில் கோளாறில்லை. கட்டைக்குத்தான் வயதாகிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் பழைய பக்கத்தைப் புரட்டுவார்கள். தினமும் ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு என்றே எழுதினான்.

ஒரு நாள் திரையில் கட்டையின் மூன்றாவது துண்டு நொறுங்கிக் கிடந்தது. கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினான். வெளியே ஒரு கீறல் இல்லை. முகர்ந்தான்... மீன் வாடை. பயம் வரவேண்டிய இடம். வரவில்லை.

அந்த வாரமே தாக்கீது வந்தது. நாளைக் காலை மேலிடத்திலிருந்து சோதனை. ரிஜிஸ்டர் போதாது, அன்று காலை எடுத்த கட்டையின் படமும் வேண்டும். நுஃமான் கலையரசியிடம் எல்லாவற்றையும் சொன்னான், வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

"அந்த எண்ண அடிச்சிட்டு உண்மைய எழுது," என்றாள். "அந்தம்மா புள்ளைங்களுக்காவது தெரியட்டும்."

"வேல போயிடும்."

"போனா போவுது. உனக்கு அழுக வரலியா?"

"வரல."

காலையில் கலையரசி கூடவே வந்தாள். நுஃமான் ரிஜிஸ்டரைத் திறந்தான். பழைய பக்கத்தில் பேனாவை வைத்தான். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பேனாவை மூடினான்.

"மெஷின ஒரு தடவ பாத்துடலாம். என்னையே எடு," என்று மேஜையில் சாய்ந்தான்.

மெத்தை போட்ட மேஜைதான். ஆனாலும் முதுகு பட்டதும் கேட்டது... டொக்.

கலையரசி பொத்தானை அழுத்தினாள். ங்ங்ங்... திரையில் விலா எலும்பு இல்லை. இடுப்பு இல்லை. வெறும் இருட்டில் அடுக்கி வைத்தாற்போல் நாலு வெள்ளைத் துண்டுகள். கீழே எண். ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு.

அவள் திரையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். உள்ளே வந்த அதிகாரிகளும் பார்த்தார்கள், திரையை மட்டும். "பேஷ்," என்று படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நுஃமான் நிரந்தரமாகிவிட்டான். கலையரசி காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கட்டை பீரோவில் பூட்டியிருக்கிறது. இப்போது தினமும் காலையில் அறையைச் சாத்திக்கொண்டு அவனே படுத்துக்கொள்கிறான். எண் மாறுவதே இல்லை. பாராட்டுக் கடிதம்கூட வந்ததாம்.

போன வெள்ளிக்கிழமை மாமன் வீட்டுக்கு வந்திருந்தான். கதவோரம் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். காற்றடிக்கிறதே என்று யாகூப் கதவை ஓங்கிச் சாத்தினான். இடுக்கில் நுஃமானின் விரல்கள் நாலு.

கத்தவில்லை. ரத்தம் இல்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

"கதவு சாத்தினப்ப ஒரு சத்தம் கேட்டுச்சிப்பா," என்றான் யாகூப் என்னிடம். பக்கத்திலிருந்த மேஜையில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினான்...

டொக்.