உச்சத்துக்கு ஒரு விரல் இப்பால்

டிஷ் வைத்து ரீவிப் படம் பிடிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். டிஷ் பெட்டியை ரீவியோடு இணைத்தால் திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று பலம், மற்றது தரம். பலக் கோடு டிஷ்ஷைச் சுவருக்கு நேரே பிடித்தாலும் நீண்டு காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நட்டை இறுக்கிவிட்டு, படம் வரவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். பார்க்கவேண்டியது தரக் கோட்டை. வானத்தில் நிற்கிற செய்மதிக்கு நேரே டிஷ் வந்தால்தான் அது எழும்பும். ஒரு விரல் விலகினாலும் படுத்துவிடும்.

நானும் அந்தப் பிழையை விட்டவன்தான். யூலை முதலாம் திகதி, மொன்றியலே வீடு மாறுகிற நாளில், சென்ட் லோரன்டில் எங்கள் தெருவோரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன டிஷ் ஒன்றைத் தூக்கி வந்தேன். என் மனைவி செல்வமலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ போய்விட்ட வருடம் அது. வேலையால் வந்தால் வீட்டில் ஒரு குரலும் இல்லை. சந்தாவும் பூட்டும் இல்லாத அலைவரிசைகள் வானத்தில் நிறைய உண்டு என்று அறிந்து, பல்கனியில் டிஷ்ஷைப் பூட்டினேன். தமிழ் ஒன்றும் வரவில்லை. அரபு வந்தது, பார்சி வந்தது, ஆபிரிக்கப் போதகர்கள் வந்தார்கள். விளங்காவிட்டாலும் மனிதர் கதைக்கிற சத்தம் வீட்டில் கேட்டது. அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

சவிரிமுத்து அண்ணை என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மன்னார்க்காரர். அவருடைய மனைவி றோசா அக்காவுக்கு முழங்கால் ஏலாது. பனிக்காலம் முழுவதும் கோயிலுக்குப் போக முடியாமல் இருந்தார். என் டிஷ்ஷில் ஒரு கத்தோலிக்க அலைவரிசை வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

“இங்கிலீசுப் பூசைதான் அக்கா.”

“எந்தப் பாசையெண்டால் என்ன தம்பி, பூசை பூசைதானே,” என்றார் அவர்.

அவர்களுக்கும் ஒரு டிஷ் வாங்கிக் கூரையில் பூட்டுவது என்று முடிவானது. அவர்கள் இருந்தது மூன்று தட்டு வீட்டின் மேல்தட்டில். பின்பக்க இரும்புப் படியில் ஏறி, பிறகு ஏணி வைத்துக் கூரைக்குப் போகவேண்டும். டிஷ் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று திருப்புவார், மற்றவர் கீழே ரீவிக்கு முன்னால் இருந்து தரக் கோட்டைப் பார்த்துப் போனில் சொல்லுவார். மேலே நிற்பவருக்குக் கீழே நடப்பது ஒன்றும் தெரியாது, சொன்னதை நம்பவேண்டியதுதான். எனக்கு உயரமென்றால் பயம். “வள்ளத்தில நிண்ட காலுக்கு இது என்ன உயரம். நீர் கீழ இரும் தியாகு,” என்று அண்ணை ஏறினார்.

அந்த முதல் ஞாயிறு வேலை நினைத்ததைவிடச் சுலபமாக முடியப் பார்த்தது. கோடு எழும்பி உச்சத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து அக்கா குசினிக்குள்ளிருந்து, “அவர் இறங்கினதும் சாப்பிடுவம் தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைச்சனான்,” என்றார். எனக்கென்று ஒரு வீட்டில் சமைத்து எவ்வளவோ காலம். உச்சத்தில் இறுக்கினால் மழைக்கோ பனிக்கோ படம் அசையாது. என் தேவையும் அன்றோடு முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். கோடு சற்று இறங்கிய இடத்தில், “சரி அண்ணை, இறுக்குங்கோ,” என்றேன். வானம் வெளித்திருந்தால் அந்த இடத்திலும் படம் அருமையாக நிற்கும். பனி கொட்டினால் உடையும்.

இதில் பெரிய கெடுதல் இருப்பதாக எனக்குப் படவில்லை. பனி கொட்டினால் போன் வரும். “தியாகு, படம் போயிட்டுது, ஒருக்கா வாறீரோ?” நான் போவேன். அவர் ஏறுவார், படம் வந்ததும் உச்சத்துக்குச் சற்று முன்னமே நான் இறுக்கச் சொல்லுவேன், பிறகு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வரை கதைத்துக்கொண்டிருப்போம். அண்ணைக்கும் இதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. “எனக்கு இன்னும் கைவசப்படுதில்லை. நீர் இல்லாட்டி நான் என்ன செய்யிறது,” என்பார். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது.

ஒன்றை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். காலநிலை மோசமானால் மட்டும் உடைகிற மாதிரி வைத்தால், காலநிலை மோசமான நாளில்தான் அவர் கூரைக்கு ஏறவேண்டி வரும். அது எனக்குத் தெரியும். நல்ல சப்பாத்தாகப் போடுங்கோ என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடுகிற மழை. மரம், கார், படிக்கட்டு எல்லாம் மினுங்கின. பூசை தொடங்கப் போகிறது, படம் இல்லை.

“இண்டைக்கு விடுங்கோ. செபமாலை சொல்லிக்கொண்டிருப்பம்,” என்றார் அக்கா.

அண்ணை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் இருந்திருப்பார்.

“படியில உப்புப் போட்டிருக்குத்தானே அண்ணை. கொஞ்ச நேர வேலை,” என்றேன்.

அவர் ஏறினார். அக்கா குசினிக்குப் போனார். நான் ரீவிக்கு முன்னால் இருந்தேன். கோடு எழும்பியது, படம் வந்தது. ஊதா உடுப்பில் குருவானவர் பீடத்துக்கு நடந்து வந்தார். அவ்வளவு மழைக்குள்ளும் படம் துளி அசையவில்லை. அதுதான் உச்சம். அதில் இறுக்கினால் இனி எனக்குப் போன் வராது.

“என்ன தியாகு, வருகுதோ?”

“இல்லை அண்ணை. இன்னும் கொஞ்சம் கிழக்கால. மற்றப் பக்கம் போய் நிண்டு தள்ளிப் பாருங்கோ.”

மற்றப் பக்கம் கூரையின் விளிம்பு. அதுவும் எனக்குத் தெரியும்.

“ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா உமக்குக் கரைச்சல் குடுக்கிறன், என்ன,” என்றார் அண்ணை. பிறகு போனில் ஒரு உரசல் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் எழும்பவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ரீவியைப் பார்த்து முகம் மலர்ந்தார். “வந்திட்டுது! அவரை இறங்கி வரச் சொல்லுங்கோ தம்பி.”

பொலிஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. அவர்களுடைய மகள் ஷெரோன் புவாண்ட்-கிளேரிலிருந்து ஓடி வந்து, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். படம் வந்துவிட்டது என்று நான் போனில் சொன்னதும், சந்தோஷமாக இறங்குகிறேன் என்றார் என்று பொய் சொல்லிவைத்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அவளுடைய கணவர் ஒரு வெயில் நாளில் ஏறி, டிஷ் நின்ற இடத்திலேயே நட்டை இறுக்கிவிட்டார். அதன் பிறகு படம் ஒரு நாளும் உடையவில்லை. இனி அந்த வீட்டில் எனக்கு வேலையில்லை என்று இருந்தேன்.

ஆனால் அக்கா கூப்பிட்டார். ரீவிக்கு என்ன என்று கேட்டேன்.

“ரீவிக்கு ஒண்டுமில்லைத் தம்பி. ஞாயிறெல்லே. படம் வந்தாலென்ன வராட்டியென்ன, தியாகுவைக் கூப்பிடு, அந்தாள் தனிய எண்டு அவர் எப்பவும் சொல்லுவார்.”

போனேன். அண்ணையின் கதிரையில் என்னை இருத்திச் சாப்பாடு போட்டார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணையைக் கொன்றது நான்தான். இந்தச் சாப்பாட்டுக்கும் இந்தப் பின்னேரத்துக்கும்தான் கொன்றேன். அதை மறுக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றை யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன்: அக்காவிடம் எப்போதும் சொன்னதை, அவர் என்னிடமும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.