ஆஜர் சொல்லும் பொம்மை

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் சர்க்கரை தாராளம், இன்ஸ்பெக்டர் ஐயா. நன்றி. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். சிரிப்பு மட்டும் அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் குழந்தைவேலு. ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. தினமும் காலையில் நான் பெயர் கூப்பிட வேண்டும், அவரவர் 'ஆஜர்' சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக என் பட்டியலில் முதல் பெயர் செல்லக்கண்ணு. அவன் ஒரு 'ஆஜர்' சொன்னால்தான் எனக்குப் பொழுது விடியும். அவ்வளவு பிரியம்.

போன மாதம் அவன் வந்து சொன்னான்: "முதுகு போச்சு மாப்ளே. இனி ஒரு மூட்டகூட தூக்க முடியாது. அடுத்த வார வியாழக்கிழமைக் கப்பல்ல நாகப்பட்டினம் போறேன். ஊர்ல போயிப் படுத்துக்கிறேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. படுப்பதற்கு யாராவது கடல் தாண்டிப் போவார்களா? அவன் போய்விட்டால் அந்தப் பெயரை நான் யாரைப் பார்த்துக் கூப்பிடுவது?

அந்த வாரம்தான் கப்பல் சமையல்காரன் சுலைமான் எனக்கு ஒரு பொம்மை கொடுத்தான். எகிப்து தேசத்தில் வாங்கியதாம். ஒரு சாண் உயரம், நீல நிறம், மார்பில் மடக்கிய கைகளில் மண்வெட்டி.

"பழைய ராசாமாரோட பொதைக்கிற பொம்மைண்ணே," என்றான். "மறு ஒலகத்துல செத்தவன் பேரச் சொல்லி வேலைக்குக் கூப்புட்டா, இது 'இந்தா இருக்கேன்'னு எந்திரிச்சுப் போவுமாம். ராசா பாட்டுக்குப் படுத்திருப்பாராம். பேரு மட்டும் எழுதியிருக்கணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை, ஐயா. அப்படியே அவனைக் கட்டிக்கொண்டேன். இது நம் ஆஜர் அல்லவா? செல்லக்கண்ணு படுத்திருக்கலாம், பொம்மை பதில் சொல்லும், மூட்டையும் நகரும். ஊருக்குப் போகவே வேண்டாம். நிபந்தனை ஒன்றே ஒன்று, உரியவன் செத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய லாபத்துக்கு அது ஒரு பொருட்டா?

பொம்மையின் முதுகில் ஆணியால் அவன் பெயரைக் கீறினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில், வழியனுப்பும் விருந்து என்று சொல்லி, அவனைப் படகில் ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவுக்கு அழைத்துப் போனேன். கரைக்கடையில் மொய்ங்கா, அதுதான் மீன்சாறு ஊற்றிய சேவை, இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். எல்லாம் என் செலவு. வயல் பக்கம் ஓடை ஓரமாகக் குப்புறப் படுத்துக் கண் அயர்ந்தான். நான் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் உதைத்தான். புது இடத்தில் யாருக்கும் உடனே தூக்கம் வராது. பிறகு அடங்கிவிட்டான். முதுகு வலி தெரியாமல் அவன் படுத்து எத்தனை நாளாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கண்ணீரே வந்தது.

சேறு இளக்கம், தோண்டச் சுலபம். பொம்மையை அவன் நெஞ்சோடு வைத்து மூடினேன். திரும்பும் படகில் எனக்கு ஒரே சிரிப்பு. ஊ தான் என்கிற பர்மியப் படகுக்காரரும் காரணம் தெரியாமலே என்னோடு சேர்ந்து சிரித்தார். அவரைச் சாட்சி கேட்கலாம்.

திங்கட்கிழமை காலையில் பட்டியலை எடுத்தேன். "செல்லக்கண்ணு."

"ஆஜர்."

அதே குரல், ஐயா. என் காதருகிலேயே கேட்டது. நான் துள்ளிக் குதிக்காத குறை. வியாழக்கிழமை கப்பல் போனது. வெள்ளிக்கிழமையும் ஆஜர் சொன்னான். ஒன்பது நாள் ஒன்றுகூடத் தவறவில்லை. பத்தாம் நாள் இராமையா என்ற கூலி வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"மேஸ்திரி, கூப்புடுறதும் நீங்க, ஆஜர் சொல்றதும் நீங்க. செல்லக்கண்ணு எங்க?"

பொறாமை பிடித்தவன். அவன்தான் உங்களிடம் ஓடி வந்தானாமே. வரட்டும். கொன்றது நான், புதைத்தது நான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆஜர் சொன்னது மட்டும் அவன்.