ரணகள்ளியின் புளிப்பு

டீக்கு நன்றி, ஐயா. சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடுதல்.

தலத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சந்தனசாமி எழுபத்திரண்டு வருஷத்தில் ஒரு நிஜமும் பேசியதில்லை என்பார்கள். கிளிஞ்சல்மேட்டில் நான் பிடித்த சுறாவின் வயிற்றில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது என்றேன். என் மருமகன் நெல்சன், "எந்த ஸ்டேஷன் மாமா?" என்று கேட்டான். அதை நம்பினவன், நான் சொன்ன ஒரே நிஜத்துக்குச் சிரித்தான்.

கொல்லையில் ரணகள்ளி வளர்க்கிறேன். பாலைவனத்துக் கள்ளிகள் மாதிரி அதுவும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். திறந்தால் உடம்புத் தண்ணீர் போய்விடும். இரவில் திறந்து, கரியமில வாயுவை இழுத்து, புளிப்பாக்கிச் சேர்த்துவைக்கும். பகலில் அடைத்துக்கொண்டு, அந்தச் சேமிப்பை வெயிலில் சமைத்துக்கொள்ளும். அதனால்தான் இலை விடியலில் புளிக்கும், சாயங்காலம் சப்பென்று இருக்கும்.

"பகல் பூரா மூச்சை அடக்குமா? அந்தச் சுறாவே தேவலாம் மாமா," என்றான் நெல்சன். வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த என் மகள் ஜெனிட்டாவுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிச் சிரித்தான்.

நான் கோபப்படவில்லை. செடி நடமாடாது, ஆகவே சாப்பிட்டுப் படுத்தவனின் முழங்கால் இரண்டையும் அம்மிக்குழவியால் நொறுக்கினேன். செடி கத்தாது, வாயில் துண்டைத் திணித்தேன். கொல்லையில் கிடந்த அவனுடைய மீன் ஐஸ் பெட்டியிலேயே கட்டிக் கிடத்தி, இரவெல்லாம் மூடியைத் திறந்துவைத்தேன். தாராளமான கடற்காற்று.

விடிந்ததும் துண்டை உருவினேன். வாந்தி எடுத்தான்.

"நம்புறேன் மாமா. நீங்க சொன்னது நெசந்தான். தூக்கி விடுங்க மாமா, காலு போச்சு."

நம்பினால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? அவன் கன்னத்தை நக்கிப் பார்த்தேன். புளித்தது. கட்டை அவிழ்த்துவிட்டு, மூடியைச் சாத்தி ஆறு ஆணி அடித்தேன். தட்டினான். நல்ல வெயில் ஏறியதும் அடங்கிவிட்டான். சேமிப்பைச் சமைக்க இறங்கிவிட்டான் என்று எண்ணி நானும் பழையது சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஆணிகளைப் பிடுங்கினேன். மூடியின் உட்பக்கத்தில் அவன் நகங்கள் இரண்டு ஒட்டியிருந்தன. கன்னம் சப்பென்று இருந்தது, இலை மாதிரியே.

அடித்தது, அடைத்தது, ஆணி அறைந்தது எல்லாம் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், ஐயா. பெட்டியை மூடிவிட வேண்டாமென்று உங்கள் கான்ஸ்டபிளிடம் சொல்லுங்கள். இன்னும் இருட்டவில்லை. இருட்டினால் மூச்சை இழுப்பான்.